513 படிகளும் நம் மூச்சும்



தைப்பூசத்துக்கு முந்தின நாள் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க ரதம், பினாங்கு ஸ்திரீட் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம். வழியெல்லாம் தேங்காய் உடையும். அஞ்சடியில் நிற்க இடம் இருக்காது. ரதத்தோடு நடப்பவர்கள் மணிக்கணக்காக நடந்துதான் தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேருகிறார்கள். அதற்குப் பிறகு இருக்கிறது மலைமேல் பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்குப் போகும் 513 படிகள்.

அந்தப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நிற்பவர்களை எல்லா வருஷமும் பார்க்கிறோம். அவர்கள் எல்லாரும் வயதானவர்கள் இல்லை. நம்ம வயசுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் 100 படியை ஓடியே ஏறியவர்கள்தான் பெரும்பாலும் 250-ஆவது படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான்: உடற்பயிற்சி செய்யும்போது எவ்வளவு கடுமையாகச் செய்கிறோம் என்பதை எப்படி அளப்பது? எப்போது கூட்டுவது? எப்போது குறைப்பது? தைப்பூசத்துக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும் இல்லை, ஜிம்முக்குப் போகிறவர், ஃபுட்சால் ஆடுகிறவர், "நாளையிலிருந்து ஜாகிங் போகப் போறேன்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர், எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஏன் இதைப் படிக்க வேண்டும்?

நம் சமுதாயத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். அப்பா மாத்திரை போடுகிறார், அம்மா ஊசி போடுகிறார், தாத்தாவுக்குக் கால் விரல் எடுத்தாச்சு. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம்.

நீரிழிவையும் இதய நோயையும் தள்ளிவைக்க உடற்பயிற்சி உதவும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, உடம்புக்கு எதுவுமே தெரியாத அளவுக்கு மெதுவாகச் செய்துவிட்டு "நானும் நடக்கிறேன்" என்கிறோம். இல்லாவிட்டால் முதல் நாளே உயிரைக் கொடுத்துச் செய்துவிட்டு, அடுத்த நாள் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாமல், இரண்டாவது வாரம் விட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அளவு தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 18 முதல் 64 வயதுள்ளவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்ய வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரண்டையும் கலந்தும் செய்யலாம். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 5 முதல் 17 வயதுள்ள தம்பி தங்கைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். சரி, "மிதமான" என்றால் எவ்வளவு? "கடுமையான" என்றால் எவ்வளவு? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

நம் நூல்கள் வைத்த அளவு

இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் ரொம்ப காலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது, தன் பலத்தில் பாதியளவுக்குச் செய்ய வேண்டும், அதற்கு மேல் போனால் கெடுதல் என்று சொல்கிறது. பாதி பலம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கும் அடையாளம் தருகிறது. நெஞ்சில் இருக்கும் மூச்சு வாய்க்கு வரும்போது, அதாவது மூக்கால் மட்டும் மூச்சு விட முடியாமல் வாய் திறக்கும்போது, பாதி பலம் ஆயிற்று என்று அறிந்துகொள். கடிகாரமும் கருவியும் இல்லாத காலத்தில் வைத்த அளவுகோல் இது. அளந்தது மூச்சை வைத்து.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இன்னொரு படி மேலே போகிறது. பலசாலியாக இருப்பவர், நல்ல போஷாக்கு உள்ளவர், குளிர் காலத்திலும் வசந்தத்திலும் பாதி பலம் வரை செய்யலாம். மற்ற காலங்களில் அதைவிடக் குறைவாகவே செய்ய வேண்டும் என்கிறது. ஆளுக்கு ஏற்ப, பருவத்துக்கு ஏற்பக் கடுமையை மாற்று என்று சொல்லும் பாடம் இது. நம் பினாங்கில் குளிர் காலமே கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில் "வலியறிதல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது அரசனுக்குச் சொன்னது. ஆனால் காவடி தூக்கப் போகிறவரும் அதை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். மயிலிறகை வைத்து வள்ளுவர் அங்கே சொல்லும் உவமை, மயிலிறகு சுமந்து மலையேறும் நமக்கு நேராகவே பொருந்தும். பாரம் இலேசாகத்தான் இருக்கும்; ஆனால் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் தாங்குகிற இடம் ஒரு நாள் விட்டுப்போகும். கீதையின் ஆறாவது அத்தியாயமும் உணவு, நடமாட்டம், உழைப்பு, உறக்கம் எல்லாவற்றிலும் அளவாக இருப்பவனுக்குத்தான் யோகம் கைகூடும் என்கிறது.

இனி, இன்றைக்கு நாம் பயன்படுத்தக்கூடிய மூன்று அளவுகோல்களைப் பார்ப்போம். மூன்றுமே இலவசம்.

முதல் அளவுகோல்: பேச்சு

உடற்பயிற்சி வல்லுநர்கள் இதைப் பேச்சுச் சோதனை என்பார்கள். விதி ரொம்ப எளிது.

பேசவும் முடியுது, பாடவும் முடியுது என்றால் அது இலேசான பயிற்சி.

பேச முடியுது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி.

நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் கடுமையான பயிற்சி.

ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால், நமக்கு வேண்டிய அளவைத் தாண்டிவிட்டோம்.

குழுவாக ஏறும்போது இதை நம்ம வழக்கப்படியே செய்யலாம். முன்னால் போகிறவர் "வெற்றிவேல் முருகனுக்கு" என்று குரல் கொடுப்பார். பின்னால் வரும் எல்லாரும் முழுக் குரலில் "அரோகரா" சொல்ல வேண்டும். குரல் முழுசாக வந்தால் வேகம் சரி. "அரோ..." என்று பாதியில் நின்றால் அவருக்கு வேகம் அதிகம். யாருக்குக் குரல் வரவில்லையோ அவருடைய வேகத்துக்கு முழுக் குழுவும் இறங்கி வர வேண்டும். அடுத்த முறை ஏறும்போது 50 படிக்கு ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். பக்திக்குப் பக்தி, சோதனைக்குச் சோதனை.

இரண்டாவது அளவுகோல்: 0 முதல் 10 வரை

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 1960-களில் ஒரு கேள்வியைக் கேட்டார். ஓடிக்கொண்டிருப்பவரிடமே "உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கு?" என்று கேட்டால் என்ன? அவர் சொல்லும் எண்ணும் அவருடைய இதயத் துடிப்பும் ஒன்றையொன்று ஒட்டியே போவதைக் கண்டார். அவருடைய முதல் அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிந்தது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத் துடிப்பு வரும் என்பது கணக்கு. பிறகு எல்லாருக்கும் சுலபமான 0 முதல் 10 வரையான அளவு வந்தது. நாம் அதையே எடுத்துக்கொள்வோம்.

0 – உட்கார்ந்து தே தாரேக் குடிப்பது.
1, 2 – கடைத்தெருவில் பராக்குப் பார்த்துக்கொண்டு நடப்பது.
3, 4 – இலேசான நடை. உடம்பு சூடாகுது, மூச்சு மாறவில்லை.
5, 6 – மிதமானது. மூச்சு வேகமாகுது, வியர்க்குது, ஆனால் பேச முடியுது.
7, 8 – கடுமையானது. சில வார்த்தைகள்தான் வரும்.
9 – ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது.
10 – இதற்கு மேல் ஒரு அடிகூட முடியாது.

இதில் ஒரு நேர்மை வேண்டும். பக்கத்தில் நண்பன் இருந்தால் 8-ஐ 5 என்று சொல்லத் தோன்றும். "எனக்கு ஒண்ணுமே தெரியல டா" என்று சொல்வதில் ஒரு பெருமை. அந்தப் பெருமை உங்கள் முழங்காலுக்குத் தெரியாது. ஒரு குறிப்பேட்டில் தேதி, செய்த பயிற்சி, எவ்வளவு நேரம், என்ன எண் என்று மட்டும் எழுதி வையுங்கள். நாலு வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். அதே வேகத்தில் அதே தூரம் நடந்து, எண் 6-இலிருந்து 4-க்கு இறங்கியிருந்தால் உடம்பு வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தராசு காட்டாததை இந்த எண் காட்டும்.

மூன்றாவது அளவுகோல்: நாடி

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். அதுதான் ஒரு நிமிடத் துடிப்பு. கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதுவும் சரி. ஆனால் அது சில நேரம் தப்பாகக் காட்டும், விரலால் எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள்.

உச்சத் துடிப்புக்குப் பொதுவான கணக்கு: 220-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். மிதமான பயிற்சி என்றால் அதில் 64 முதல் 76 விழுக்காடு. கடுமையான பயிற்சி என்றால் 77 முதல் 93 விழுக்காடு.

20 வயது என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 200. மிதமானது 128 முதல் 152 வரை. கடுமையானது 154 முதல் 186 வரை.

35 வயது என்றால் உச்சம் 185. மிதமானது ஏறக்குறைய 118 முதல் 141 வரை. கடுமையானது 142 முதல் 172 வரை.

இது சராசரிக் கணக்கு. ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு பத்து, பதினைந்து மாறுபடுவது சாதாரணம். இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை போடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியை நம்பக்கூடாது, பேச்சையும் எண்ணையும் வைத்தே அளக்க வேண்டும். நாடி ஒன்று சொல்லி மூச்சு வேறொன்று சொன்னால், மூச்சு சொல்வதைக் கேளுங்கள்.

நாடி இன்னொரு வேலைக்கும் உதவும். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒரு நாள் அது வழக்கத்தைவிடப் பத்து கூடி இருந்தால், தூக்கம் போதவில்லை, அல்லது நேற்றைய களைப்பு தீரவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அன்றைக்கு இலேசாக நடந்தால் போதும்.

அதே படி, அதே ஆள், இன்றைக்கு ஏன் கஷ்டம்?

"போன வாரம் சுலபமா ஏறினேன், இன்னைக்கு முடியல. நான் பின்னாடி போயிட்டேனா?" என்று பலர் கேட்பதுண்டு. இல்லை. உடம்புக்கு வெளியிலும் உள்ளும் நிறைய மாறுகிறது.

முதலாவது வெயில். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்று ஏற்கனவே ஈரமாக இருந்தால் வியர்வை வழிந்து ஓடுகிறதே தவிர உடம்பு குளிர்வதில்லை. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குப் போகிறது; தசைக்கும் இரத்தம் வேண்டும். இரண்டுக்கும் கொடுக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதனால் காலை 6.30-க்கு 5 ஆக இருந்த அதே நடை பகல் 12-க்கு 7 ஆகிவிடும். வேகத்தைக் குறையுங்கள், எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விரதம். விரத நாட்களில் ஒரு வேளை உணவோடு கடும் பயிற்சி செய்வது நல்லதல்ல. விரதம் தொடங்குவதற்கு முன்பே கடுமையான பயிற்சியை முடித்துவிடுங்கள். விரதத்தில் 3, 4 அளவு நடை போதும். தண்ணீர் அருந்த விரதம் தடையில்லை என்றால் தாராளமாக அருந்துங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

மூன்றாவது சுமை. பால்குடமோ காவடியோ தோளில் ஏறினால் அதே படி ஒன்றிரண்டு எண் கூடும். பயிற்சியிலும் ஒரு பையில் இலேசான பாரத்தோடு தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நாலாவது தூக்கமும் மனமும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவரும், பரீட்சைக்கு விடிய விடியப் படித்தவரும் அன்றைக்குத் தன்னைத் தானே நிரூபிக்கத் தேவையில்லை. காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி இருந்தால் அன்று பயிற்சியே வேண்டாம்.

கூட்டுவது எப்படி?

பயிற்சியில் நாம் மாற்றக்கூடியவை நாலு: வாரத்தில் எத்தனை நாள், ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, என்ன வகை. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் நாளைக் கூட்டுங்கள். பிறகு நேரம். கடுமை கடைசி.

எல்லா நாளும் கடுமையாகச் செய்தால்தான் முன்னேற்றம் என்பது தப்பான எண்ணம். தூர ஓட்டக்காரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்கள், அவர்கள் பெரும்பகுதி நேரம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான் ஓடுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். கடுமையான நாட்கள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். தசை வளர்வது பயிற்சியின்போது இல்லை, அதற்குப் பிறகு வரும் ஓய்வில்.

1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த மலேசியர்கள் இருவரும் நம்மவர்கள்: மு. மகேந்திரன், நா. மோகனதாஸ். அந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு ரொம்பக் குறைவு. அங்கே ஏறுகிறவர்கள் சில அடி வைத்து, நின்று, பல முறை மூச்சு வாங்கி, மறுபடி சில அடி வைக்கிறார்கள். உலகத்திலேயே உயர்ந்த மலையை மனிதன் ஏறுவது அப்படித்தான். 513 படியில் நின்று மூச்சு வாங்க நமக்கு என்ன வெட்கம்?

எட்டு வாரத் திட்டம்

தைப்பூசத்துக்கு மட்டும் இல்லை, புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இது பொருந்தும். உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1, 2-ஆவது வாரம்: வாரத்தில் 4 நாள், 20 முதல் 30 நிமிடம் நடை. அளவு 4 முதல் 5. லிட்டில் இந்தியாவிலிருந்து எஸ்பிளனேட் கடற்கரை வரை காலையில் போய்த் திரும்பலாம். கடை திறக்கும் முன் அஞ்சடியிலும் நிழல் இருக்கும்.

3, 4-ஆவது வாரம்: வாரத்தில் 5 நாள், 30 முதல் 40 நிமிடம். அளவு 5 முதல் 6. ஒரு நாள் மட்டும் அடுக்குமாடிப் படிக்கட்டில் 10 நிமிடம் ஏறி இறங்குங்கள். அளவு 6-ஐத் தாண்டக்கூடாது.

5, 6-ஆவது வாரம்: ஒரு நாள் மட்டும் கடுமை. ஒரு நிமிடம் 7 அல்லது 8 அளவில் ஏறி, இரண்டு நிமிடம் மெதுவாக இறங்கி நடப்பது. ஆறு முறை. மற்ற நாட்களில் 5 அளவு நடை. வார இறுதியில் ஒரு முறை தண்ணீர்மலைப் படிகளை நின்று நின்று ஏறுங்கள், அரோகரா சோதனையோடு.

7-ஆவது வாரம்: 6-ஆவது வாரத்தைப் போலவே. படி ஏறும் நாளில், சுமக்கப் போகிறவர்கள் இலேசான பாரத்தோடு.

8-ஆவது வாரம்: பாதியாகக் குறையுங்கள். அளவு 3, 4. உடம்பு ஓய்வெடுத்துத் தயாராகட்டும்.

ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் 5 நிமிடம் மெதுவான நடை, முடிவில் 5 நிமிடம் மெதுவான நடை. சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் முதல் இரண்டு சுற்றை மெதுவாகச் செய்தால் அதுவே தொடக்கம். அதையும் வேகமாகச் செய்தால் 6-க்குப் போகும், மூச்சோடு நிதானமாகச் செய்தால் 3-இல் நிற்கும். ஒரே ஆசனத்தில் கடுமையைக் கூட்டிக் குறைத்துப் பழக இதைவிட நல்ல வகுப்பு இல்லை.

படி ஏறும் நாளில் இன்னொன்று: இறங்கும்போதுதான் தொடைத் தசைக்கு அதிக அடி. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். இறங்கும்போது அவசரப்படாதீர்கள். அந்த வலி இரண்டு மூன்று நாளில் தானே தணியும். மூட்டில் குத்துகிற வலியோ வீக்கமோ இருந்தால் அது வேறு; ஓய்வெடுங்கள், தீராவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

உடனே நிறுத்துங்கள்

இவற்றில் ஒன்று வந்தாலும் "இன்னும் கொஞ்சம்தானே" என்று சொல்லாமல் நிறுத்துங்கள்:

நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது.
மயக்கம், கண் இருட்டுதல்.
நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு, தாறுமாறான துடிப்பு.
வெயிலில் தலைவலி, குமட்டல், உளறல், தள்ளாட்டம்.

கடைசியாகச் சொன்னதில் உளறலும் தள்ளாட்டமும் வெப்ப வாதத்தின் அறிகுறி, உயிருக்கே ஆபத்து. 999-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காதீர்கள்: நிழலுக்குக் கொண்டுபோய், மேல் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு தசை பயங்கரமாக வலித்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. முதல் நாளே வெறித்தனமாகச் செய்யும் இளைஞர்களுக்கு வருகிறது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கடும் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களோடு ஏறுகிறவர்களுக்காக

இந்தப் பாடத்தை நம்மோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தைப்பூசத்தன்று அம்மாவையும் தாத்தாவையும் மேலே கூட்டிப்போகிறவர்கள் நாம்தான். தொண்டராகப் படியில் நிற்கிறவர்களும் நாம்தான். "மெதுவா வாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு நாலு படி முன்னால் போய் நின்றால், அவர் நம்மைப் பிடிக்க அவசரப்படுவார். அவருக்குப் பக்கத்தில், அவருடைய படியில் நில்லுங்கள். பேச்சுக் கொடுங்கள். பதில் துண்டு துண்டாக வந்தால் "கொஞ்சம் உட்காருவோமா?" என்று நீங்களே கேளுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

நீரிழிவு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருகிறவருக்குச் சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், பேச்சு குழறும். நல்ல நினைவோடு இருந்தால் இனிப்புப் பானம் கொடுத்து உட்கார வையுங்கள். உங்கள் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். விரதத்துக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று தைப்பூசத்துக்கு முன்பே அவரை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

முருகனிடம் யாரும் முதலில் போய்ச் சேர்ந்ததற்குப் பரிசு வாங்கியதில்லை. எத்தனை முறை நின்றாய் என்று அங்கே கணக்குக் கேட்பதும் இல்லை. கூட்டிப்போனவர்களோடு மேலே போய், தரிசனம் செய்து, அவர்களோடு பத்திரமாகக் கீழே வந்து சேருங்கள். அடுத்த வருஷமும் ஏறுகிற கால்களோடு.

வகுப்பில் செய்யவும் பேசவும்

1. உங்கள் காலை நாடியை ஏழு நாள் எண்ணி எழுதுங்கள். உங்கள் வழக்கமான எண் என்ன?

2. உங்கள் வயதுக்கு மிதமான பயிற்சியின் துடிப்பு எல்லையைக் கணக்கிடுங்கள். 10 நிமிடம் வேகமாக நடந்து நாடியை எண்ணிப் பாருங்கள். பேச்சுச் சோதனையும் நாடியும் ஒத்துப்போனதா?

3. ஒரே நடையைக் காலையிலும் பகலிலும் செய்து, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். எவ்வளவு வித்தியாசம்?

4. திருக்குறளில் "வலியறிதல்" அதிகாரத்தை வாசித்து, உடற்பயிற்சிக்குப் பொருந்தும் ஒரு குறளைத் தேர்ந்தெடுத்து விளக்குங்கள்.

5. குழுவில் ஒருவருக்கு மட்டும் முடியவில்லை. மற்ற ஒன்பது பேருக்கும் முடியும். குழு என்ன செய்ய வேண்டும்? ஏன்?